இருபுறமும் ஒரே ஆழம்

சென்ற மாதம் ஆறாம் பாரத்தில் படிக்கும் பெண் ஒருத்தி பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், கல்லு மண்ணு ஆராய்ச்சி பண்ற வேலைக்குப் பொம்பளைங்கள எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். சுதந்திர சர்க்கார் பூமிக்கு அடியில் இருப்பதையெல்லாம் தேடப்போகிறது, அதற்கு ஆள் வேண்டும் என்று அவள் அண்ணன் பேப்பரில் படித்துச் சொன்னானாம். நான் அந்த வேலையில் இருந்தவள் என்பது அவளுக்குத் தெரியாது. திண்டிவனத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. நான் கணக்கு டீச்சர், அவ்வளவுதான்.

நாளை சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வேலையிலிருந்து நான் ஓய்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதை ஓய்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீக்கப்பட்டேன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. என் தொழில் வாழ்க்கை தொடங்கி முடிந்துவிட்டது. ஆகவே ஓய்வு பெற்றவள் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பா அந்தோணி கல் உடைப்பவர். கண்டாச்சிபுரம் பக்கத்துச் சேரி ஒன்று எங்களுடையது. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் புரியும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எழுத்துத் தெரிந்தவர் எவரும் இல்லை. மாதா கோயில் சாமியார் பிடிவாதமாக என்னைத் திண்டிவனத்துக் கன்னியர் பள்ளியில் சேர்த்தார். அங்கிருந்து உதவித்தொகையில் சென்னைக் கல்லூரி. நிலவியல் வகுப்பில் நான் ஒருத்தியே பெண். மலைக்கும் குவாரிக்கும் மாணவர்களை அழைத்துப் போகும்போது, தங்க வைக்க இடமில்லை என்று என்னை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு அவர்கள் கொண்டுவந்த கற்களைப் பார்த்து நான் படிப்பேன். கல்லைப் பார்த்தால் அது கிடந்த இடத்தை மனதில் கட்டிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வந்தது. எங்களைப் பரீட்சித்தவர், மலைக்குப் போனவர்களைவிட நான் நன்றாகச் சொன்னதாகச் சொன்னார். இதை அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அடக்கம் வராது.

யுத்த காலம். ஆண்கள் ராணுவத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்த சர்வே முகாமில், யுத்தம் முடியும்வரை மட்டும் என்று சொல்லி என்னை உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு. கிணறு வெட்டு, பயிர் வை என்று சர்க்கார் அவசரப்பட்டது. சேரிகளுக்கும் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட உத்தரவாகியிருந்தது. எங்கே வெட்டினால் தண்ணீர் இருக்கும் என்று சொல்வது எங்கள் முகாமின் பொறுப்பு.

முகாமில் நாங்கள் மூன்று பேர். ஆபீசர் சேஷாத்திரி, பியூன் கோவிந்தசாமி, நான்.

சேஷாத்திரி ஐயாவைப் போலக் கல்லைப் பார்க்கத் தெரிந்தவரை நான் பிறகு கண்டதில்லை. கல்லை ஒரே ஒரு தரம்தான் அடிப்பார். எங்கே அடிப்பது என்று அதைச் சுற்றிச் சுற்றி வருவார். அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் புதுமுகம் பிளந்து வரும். அதன் மேல் வாயால் ஊதி, நாக்கால் தொட்டு ஈரமாக்கி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை அதனிடம் கொண்டுவருவார். லென்ஸைக் கல்லிடம் கொண்டுபோனால் திட்டுவார். களிமண்ணா, மெல்லிய மணலா என்று சந்தேகம் வந்தால் முன்பல்லில் ஒரு துளி வைத்து அரைத்துப் பார்ப்பார். பல் நறநறத்தால் மணல். எடுத்த துண்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு வைத்து, அது உலர்ந்தபின் எண் எழுதி, அதே எண்ணைச் சுற்றும் காகிதத்திலும் எழுத வேண்டும். ஒரு எண் அழிந்தாலும் மற்றொன்று பேசும் என்பார்.

"பார்த்ததைச் சொல்லு. தெரிஞ்சதைச் சொல்லாதே." நாள் முழுவதும் அவர் வாயில் இருந்த வாக்கியம் இது. வழியில் கிடக்கும் கல்லுக்கெல்லாம் பெயர் சொல்வார். என் பெயர் அருளாயி. அதை அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. "ஏம்மா" என்பார், அல்லது விரலைச் சொடுக்குவார்.

கோவிந்தசாமிக்கு என் விஷயத்தில் வேறு சங்கடம். அவர் வளவனூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பம். நான் அவருக்கு மேலே. 'அம்மா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'ஏ பொண்ணே' என்று சொன்னால் ஆபீசர் திட்டுவார். அதனால் என்னைக் கூப்பிடாமலே என்னோடு பேசும் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். சுவரைப் பார்த்து, "டேப்பு எங்க இருக்குதுன்னு யாராச்சும் சொன்னா தேவல" என்பார். நானும் சுவரைப் பார்த்தே, "யாரோ சாக்குப் பையில வெச்சிருக்காங்க" என்பேன். இப்படியே எங்களுக்குள் ஒரு மாதிரி சிநேகம் வளர்ந்தது.

வேலை பெரும்பாலும் நடை. கல் கிடக்கும் சாய்வைப் பார்ப்பது, பார்த்த இடத்தை வரைபடத்தில் குறிப்பது, கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளப்பது. அளப்பதற்கு ஒரு முறை உண்டு. டேப்பின் நுனியில் ஈயக்குண்டு. கடைசிச் சில அடிகளில் சுண்ணாம்புக் கட்டி தேய்த்திருக்கும். குண்டை இறக்கித் தண்ணீரில் முக்கி எடுத்தால் சுண்ணாம்பு நனைந்த இடம் மட்டத்தைக் காட்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கலாம், மேடை இருக்கலாம். எது இருந்தாலும் கணக்கு தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிணற்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அளப்பது என் வேலை. குடையும் பையும் கோவிந்தசாமி வேலை.

வளவனூர்ப் பக்கம் நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் என் சுத்தியலையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "தங்கம் இருக்குதுங்களா அம்மா? இருந்தா ஜல்தி சொல்லிடுங்க, மச்சானுக்குத் தெரியறதுக்குள்ள" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் வீட்டுப் பெண்கள் எனக்குச் செம்பில் மோர் கொடுத்தார்கள். கிணற்று மேடையில் உட்கார வைத்தார்கள். யார் வீட்டுப் பெண் என்று எவரும் கேட்கவில்லை. பட்டணத்துப் பேச்சும் சர்க்கார் பையும் போதுமாயிருந்தன. அந்தத் தாலுகா முழுவதும் நான் கை வைக்காத கிணறு இல்லை. என் சொந்த ஊரில் மட்டும் என்னால் கிணற்றை நெருங்க முடியாது. அங்கே நான் அந்தோணி பொண்ணு.

எங்கள் ஊர் முறை வந்தபோது இதை நான் முன்கூட்டியே ஆபீசரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டார். "ஊர்க் கிணத்தைக் கோவிந்தசாமி அளக்கட்டும். சேரிப்பக்கம் நீ அள. எதுக்கு வீண் பேஜாரு" என்றார்.

சேரிப்பக்கம் அளக்க இருந்தது ஒரு பழைய குழி. யாரோ எப்போதோ பாதி வெட்டி விட்டது. மாடு குடிக்கும் தண்ணீர் கொஞ்சம் அடியில் கிடக்கும். குடிப்பதற்கு எங்கள் பெண்கள் ஊர்க் கிணற்றுக்குப் போய்ப் பாதைக்கு இந்தப் பக்கமாகக் குடத்தை வைத்துவிட்டுக் குந்தியிருப்பார்கள். ஊர்ப் பெண்களில் யாருக்காவது மனம் வந்தால், தாங்கள் இறைத்துக்கொண்டபின், ஒரு வாளி உயரத் தூக்கி எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். மனம் வராத நாளும் உண்டு. நான் பிறந்தது முதல் கல்லூரிக்குப் போகும்வரை எங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி வந்ததுதான்.

அன்று குழியில் நான் அளந்த ஆழம் தரையிலிருந்து இருபத்திரண்டு அடி. கோவிந்தசாமி ஊர்க் கிணற்றிலிருந்து வந்து, "இருபத்தொண்ணு" என்று வேலியைப் பார்த்துச் சொன்னார். முகாமுக்குத் திரும்பி அட்டவணையில் எழுதினோம். மேற்கே ஊர், கிழக்கே சேரி. இருபுறமும் ஏறக்குறைய ஒரே ஆழம். அப்படியானால் பூமிக்கடியில் தண்ணீர் ஒரே பரப்பாக இருக்கிறது, சேரிக்குள் எங்கே வெட்டினாலும் கிடைக்கும் என்று அர்த்தம். அது எனக்கு ஒட்டவில்லை. சித்திரையிலும் வற்றாத கிணறு ஒரு பக்கம், மாசியிலேயே காய்ந்துவிடும் குழி ஒரு பக்கம். சொன்னேன்.

"இது நீ பார்த்ததா, தெரிஞ்சதா?" என்றார் ஆபீசர்.

"தெரிஞ்சதுங்க."

"அப்ப எண்ணை நம்பு." கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். நீர்மட்டம் அளந்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார், முறையே அதுதான்.

கிணறு வெட்டும் இடத்தில் முளை அடிக்க மறுபடி போனோம். ஆபீசர் மணியக்காரர் வீட்டில் தங்கினார். நான் எங்கள் வீட்டில். காலையில் அம்மா குடத்தை எடுத்தாள். நானும் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு போய்ப் பாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மணியக்காரர் மருமகள் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள்.

"இன்னாடி அந்தோணி பொண்ணே, பட்டணத்துல போய்ப் படிச்சிட்டு வந்தும் இங்கதான் குந்திக்கினு இருக்கிறே?"

"தண்ணி எவ்ளோ கீழ கிடக்குதுன்னு பாக்கணும்ங்க."

"பாரேன், யாரு வேணாங்கறா? அங்க இருந்தே பாரு. அதுக்குத்தானே படிச்சிருக்கே."

மேடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களிலும் ஒருத்தி சிரித்தாள்; சிரித்தால் ஒரு வாளி கூடுதலாக விழும் என்று. அம்மா சிரிக்கவில்லை. "வாடி போலாம்" என்று என் முந்தானையை இழுத்தாள்.

நான் எழவில்லை. அங்கே இருந்தே பார்த்தேன். சின்ன வயதில் அந்த இடத்தில் உட்கார்ந்து பொழுது போகாமல் நான் செய்தது ஒன்றுண்டு: வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்துக்குப் பிறகு கயிறு எத்தனை இழுப்பில் வாளியை மேலே கொண்டுவருகிறது என்று எண்ணுவது. நான் எண்ணக் கற்றது அங்கேதான், பள்ளிக்கூடத்தில் அல்ல. கோடை வந்தால் இழுப்பு கூடும்; மழை பெய்தால் குறையும். அன்று அந்த மருமகள் எட்டு இழுப்பில் வாளியை எடுத்துவிட்டாள். ஓர் இழுப்புக்குச் சுமார் இரண்டடி; கோவிந்தசாமி சொன்ன ஆழம் தரையிலிருந்து எடுத்ததானால் எட்டு போதவே போதாது.

நேரே போய் ஆபீசரிடம் சொன்னேன். கோவிந்தசாமியைக் கூப்பிட்டார்.

"எங்கேயிருந்து அளந்தே?"

"ராட்டினத்துல மாட்டி வுட்டேங்க. கயிறு அப்பிடித்தானே போவுது?"

ஊர்க் கிணற்றுக்கு உயர்ந்த மேடை. மேடை மேல் கைப்பிடிச் சுவர். அதற்கும் மேலே கல்தூண்களில் ராட்டினம். தரையிலிருந்து பார்த்தால் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம். அவ்வளவையும் அவர் கிணற்றின் ஆழத்தோடு சேர்த்துவிட்டார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவேண்டிய நான் பாதைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

ஆபீசர் உரக்கச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த வெளியைப் பார்த்தார். மேற்கே மட்டம் மேலே, கிழக்கே மட்டம் கீழே. நடுவில் எதுவோ தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. "வா" என்றார்.

அந்தக் காலைப்பொழுதை நான் மறக்க மாட்டேன். கசப்பான இந்தக் கதையில் அது ஒன்றுதான் எனக்கு வேண்டிய பகுதி. வடக்கிலிருந்து தெற்காக மல்லாட்டைக் கொல்லைகளுக்கு ஊடே உருண்டையான கறுப்புக் கற்கள் சிதறிக் கிடந்தன. சிறுவயதில் நாங்கள் ஏறிக் குதித்த கற்கள். தனித்தனியாகத்தான் அவற்றை எல்லோரும் பார்த்திருந்தோம். அவர் ஒரு மேட்டில் என்னை நிறுத்தி, "இப்ப பாரு" என்றார். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. சுற்றிலும் வெளுத்த பாறை. அதைக் கீறிக்கொண்டு என்றோ அடியிலிருந்து குழம்பாக ஏறி உறைந்த ஒரு கறுப்புச் சுவர். அகலம் இரண்டு மூன்று தப்படிதான் இருக்கும். ஆழம் யாருக்கும் தெரியாது. சொட்டுத் தண்ணீர் கசியாத கல். மேற்கேயிருந்து வரும் ஊற்றெல்லாம் அதில் முட்டி ஊர்ப் பக்கமே நின்றுவிடுகிறது. மண்ணுக்கு அடியிலும் எங்களுக்கு ஒரு வேலி இருந்தது.

ஒரு கல்லைச் சுற்றி வந்து, அடிக்கச் சொல்லிச் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். ஒரே அடியில் பிளந்தேன். "நல்லது" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு சொல்தான்.

மாலையில் மணியக்காரர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

"ஐயா, அட்டவணையைத் திருத்தி அனுப்பணும். கிணறு சுவத்துக்கு மேற்கே வெட்டணும். அங்க புறம்போக்கு இருக்குது."

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "திருத்தினா ஏன்னு எழுதணும். என் உதவியாளர் கிணத்தண்டை போக முடியலைன்னு எழுதட்டுமா? அப்படிப்பட்ட ஆளை ஏன் வெச்சிருக்கேன்னு கேப்பாங்க. கடைசியில பறிபோறது உன் வேலைதான்."

"எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. "சரி, எழுதறேன்னு வெச்சுக்கோ. மேற்கே வெட்டினா உங்க ஜனங்களை இறைக்க விடுவாங்களா? வெட்டின மறுநாளே அது ஊர்க் கிணறு. ஏம்மா, தண்ணி எங்க இருக்குன்னு சொல்றதுதான் நம்ம வேலை. யார் குடிக்கிறதுங்கிறது தாசில்தார் வேலை."

"தண்ணி சேரிப்பக்கம் இருக்குன்னு சொல்லியிருக்கோம். அது இல்லைங்களே."

"அனுப்பியாச்சு" என்றார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் லென்ஸைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டுவது அடையாளம். மாட்டினார்.

பார்த்ததைச் சொல்லு என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். பார்த்தார். சொல்லவில்லை. தெரியாமல் செய்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கறுப்புச் சுவரை அந்தத் தாலுகாவில் அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் எவரும் இல்லை.

மறுநாள் முளை அடிக்கும்போது நான் ஒன்று கேட்டேன். "சேரி எல்லைக்குள்ள எங்க வெட்டினாலும் ஒண்ணுதானேங்க, அட்டவணைப்படி? அப்ப மேற்கு ஓரத்துல, கறுப்புக் கல்லை ஒட்டினாப்போல அடிக்கட்டுமா?" அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "அடி" என்றார். நான் என்ன நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை மன்னிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். அதனால் தெரியாது என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிணறு வெட்டினார்கள். ஆழமாக, அகலமாக, விளிம்பில் சர்க்கார் கல் பதித்து. தண்ணீர் இல்லை. தாசில்தார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மழை பெய்தால் வரும் என்றார். அதே கோடையில் மணியக்காரர் தன் மேற்குக் கொல்லையில், சுவரை ஒட்டி, உணவு உற்பத்திக் கடனில் ஒரு புதுக் கிணறு வெட்டினார். தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. சரியாக அங்கே வெட்டவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோவிந்தசாமிதான் சுவரிடம் சொன்னார்: "சாப்பிட்டுக்கினே ஆபீசரு சொன்னாரு. எல போட்டவங்களுக்கு எதாச்சும் சொல்லணுமில்ல."

ஆக, நான் எண்ணிக் கண்டுபிடித்தது மணியக்காரரின் கரும்புக்குப் போயிற்று. எங்கள் பெண்கள் பாதையோரத்திலேயே குந்தியிருந்தார்கள். இப்போது அவர்களுக்குக் கேலியும் சேர்ந்து கிடைத்தது. "ஒங்களுக்குன்னு சர்க்காரு வெட்டிக் குடுத்துதே, அதுல போய் மொண்டுக்கறதுதானே?"  ஒருநாள், நான் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செம்பில் பாதி கொடுத்தாள். முழுச் செம்பு கொடுக்க அன்று வீட்டில் இல்லை. பெரிய படிப்பு, சர்க்கார் உத்தியோகம், பாதிச் செம்பு.

யுத்தம் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். என் இடத்துக்கு ஒருவர் வந்தார். முதல் நாளே லென்ஸைக் கல்லிடம் கொண்டுபோனார். ஆபீசர் திட்டவில்லை. என்னை வழியனுப்பும்போது, "உன் கையெழுத்து அழகா இருக்கு. டீச்சர் வேலைக்குப் போ. நல்ல இடமா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கோ" என்றார். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தேன். அது சர்க்காருடையது.

அடுத்து வந்த கோடையில் குவாரியிலும் வேலை இல்லை. ரயிலுக்குக் கல் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வெறுங்கையோடு இருந்தார்கள். நான் அப்பாவை அந்த வறண்ட கிணற்றுக்கு அழைத்துக்கொண்டு போய் மேற்குப் பக்கத்தைக் காட்டினேன். வெளுத்த பாறை நின்று கறுப்பு தொடங்கும் கோடு அங்கே மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. இந்தச் சுவருக்கு அப்பால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, படுக்கை வசத்தில் ஒரு துளை போட்டால் போதும் என்றேன். யார் நிலத்திலும் கால் வைக்கவேண்டாம், யாரையும் கேட்கவேண்டாம்.

அப்பா கல்லில் கை வைத்துப் பார்த்தார். "இது உளிய தின்னுமே" என்றார். பிறகு, "ஒடைக்கறது எங்க வேல. எங்க ஒடைக்கணும், எம்மாந்தூரம் ஒடைக்கணும்னு நீ சொல்லு" என்றார். தரைமேல் சுவரின் அகலத்தை அளந்து, அது சாய்ந்திருந்த பக்கத்தைக் கணக்கிட்டு, துளை தொடங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டேன். அளவெடுத்துக் குறித்ததெல்லாம் நானே. யார் கையெழுத்தும் விழாத என் முதல் வேலையும் கடைசி வேலையும் அது.

கல்லில் தமர்த் துளை அடித்து, வெடிமருந்து கெட்டித்து, திரி கொளுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார்கள். வெடிச் சத்தம் கேட்டு மணியக்காரர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குடா காஞ்ச குழிய நோண்டிக்கினு இருக்கீங்க?"

"சர்க்காரு வெட்டிக் குடுத்ததுங்க சாமி. அப்பிடியே வுட மனசு வரல" என்றார் அப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"ஒங்களுக்கு வேற பொழப்பு இல்ல" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா என்னைக் கீழே இறங்கச் சொல்லிக் கூப்பிட்டார். உளியோடு வந்த தூள் நிறம் மாறியிருந்தது. அதுவரை கறுப்பு, இப்போது துருப் பழுப்பு. ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்தேன். நறநறக்கவில்லை. களிமண். சுவரின் மறுபக்கத்தில் கல் தண்ணீரில் ஊறி மக்கியிருக்கிறது. இனி மருந்து வேண்டாம், கடப்பாரையால் மட்டும் குத்துங்கள், எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். நெடுநேரம் குத்தினார்கள். கடப்பாரை ஒரு தடவை உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பா அதை இழுத்தார். முதலில் எச்சில் போலக் கொஞ்சம் சேறு. பிறகு கை கனத்துக்குத் தண்ணீர்.

யாரும் கத்தவில்லை. கத்தினால் ஊருக்குக் கேட்கும். அப்பா அதைக் குடிக்கவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் இரண்டு காலையும் நீட்டிக் கழுவிக்கொண்டார். குதிகால், விரலிடுக்கு எல்லாம் தேய்த்துத் தேய்த்து, வெகுநேரம். எங்கள் வீட்டில் கால் கழுவ ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை.

அதற்குப்பின் எங்கள் பெண்கள் பாதையோரம் போவதில்லை. சர்க்கார் கிணறு ஊறிக்கொண்டது, தாசில்தார் சொன்னதுபோல் மழைக்கு வந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊர்க் கிணற்றில் மருமகளுக்கு இரண்டு இழுப்பு கூடியிருக்கிறதாம். காலம் கெட்டுவிட்டது, பூமி காய்கிறது என்று மணியக்காரர் சொல்கிறாராம். இதை எழுதினால் வினை வராதா என்று அப்பா கேட்டார். கறுப்புக் கல் வரிசையாகக் கிடக்கும் ஊர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. தேடுகிறவர்கள் தேடட்டும். முதலில் அவர்களுக்குக் கல்லைப் பார்க்கத் தெரியவேண்டும்.

போன வருஷம் கோவிந்தசாமி, வேறு ஏதோ சர்வேக்காக எங்கள் ஊருக்குப் போனவர், திரும்பும் வழியில் திண்டிவனத்தில் என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று, தூணைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு கிணத்தையும் அளந்தேன். தரையில இருந்துதான் அளந்தேன், ராட்டினத்துல இருந்து இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. நான் அன்னிக்கே சொன்னேன், யாரோ நம்பல."

நானும் தூணைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஆபீசர் திருத்தி அனுப்ப மறுத்த அட்டவணை எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும். இருபுறமும் ஒரே ஆழம் என்று அவர் பெயரோடு அது சொல்லிக்கொண்டிருக்கும். அன்று அது பொய். இன்று யார் போய் அளந்தாலும் அது உண்மை. அவருடைய பொய்யை மெய்யாக்கிக் கொடுத்தவள் நான். அந்தப் பெருமையும் அவருக்கே போகும்.

கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லவேண்டும். எடுத்துக்கொள்வார்கள், போ. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். டேப்பை இன்னொருவர் கையில் கொடுக்காதே.